மூணு வாரம் லண்டன், அஞ்சு லட்சம் பில்... மீடியா சம்மர் ஸ்கூலுக்குப் போகலாமா?

ஜூன் பிறந்தால் போதும், இன்ஸ்டாவில் ஒரு சீசன் ஆரம்பித்துவிடும். சிவப்பு டபுள் டெக்கர் பஸ், தேம்ஸ் நதி, கழுத்தில் யுனிவர்சிட்டி ஐ.டி கார்டு, கையில் காபி. கீழே கேப்ஷன்: 'லண்டனில் மீடியா படிக்கிறேன்'. உங்கள் காலேஜ் சீனியரோ, ஸ்கூல் ஃப்ரெண்டின் அக்காவோ அந்த ரீல்ஸில் சிரித்துக்கொண்டிருப்பார். நீங்களும் லைக் போட்டுவிட்டு, அடுத்த நிமிஷமே கூகுளில் தேடியிருப்பீர்கள்: 'சம்மர் ஸ்கூல், மீடியா, லண்டன், ஃபீஸ்'.

ஃபீஸைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்திருப்பீர்கள். சிலர் மட்டும் அப்பாவிடம் பேச்சை ஆரம்பித்திருப்பீர்கள். "மூணு வாரம்தான்ப்பா, சர்ட்டிஃபிகேட் தர்றாங்க" என்று நீங்கள் சொல்ல, "மூணு வாரத்துல என்னத்த கத்துக்கப் போற?" என்று அவர் கேட்டிருப்பார். கோபப்படாதீர்கள், அது நியாயமான கேள்வி. அதற்குத்தான் இங்கே பதில் தேடப்போகிறோம்.

அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'மீடியா, கல்ச்சர், கம்யூனிகேஷன்' என்று பெயர் போட்ட வகுப்பில் பெரும்பாலும் கேமரா பிடிக்கவோ, நியூஸ் எழுதவோ, ரீல்ஸ் எடிட் பண்ணவோ கற்றுத்தர மாட்டார்கள். நம்மூர் விஸ்காம் மாதிரி என்று நினைத்துக்கொண்டு போனால் முதல் நாளே ஏமாற்றம்தான். அது வேறு கோர்ஸ், இது வேறு கோர்ஸ்.

இங்கே கேட்கப்படும் கேள்விகள் வேறு மாதிரி. ஒரு செய்தி எப்படிச் செய்தியாகிறது? யார் காசில் அது ஓடுகிறது? டி.வி-யில் யார் முகம் வருகிறது, யார் முகம் வருவதே இல்லை? நாம் எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வது எடிட்டரா, அல்காரிதமா? இதற்கெல்லாம் தியரி உண்டு. ஆள் பெயர் உண்டு. படித்துவிட்டுக் கட்டுரை எழுத வேண்டும்.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஸ்டூவர்ட் ஹால் என்று ஒருவர். 1932-ல் ஜமைக்காவில் பிறந்து, படிக்க இங்கிலாந்து வந்தவர். இந்தத் துறையில் எந்த வகுப்புக்குப் போனாலும் முதல் வாரத்திலேயே அவர் பெயர் காதில் விழும். 1973-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம் சிம்பிள்: டி.வி ஒரு அர்த்தத்தை வைத்து அனுப்புகிறது. ஆனால், பார்க்கிறவர் அதை அப்படியே எடுத்துக்கொள்வார் என்பதற்கு எந்த கேரன்ட்டியும் இல்லை.

நம் வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். சிவப்பழகு க்ரீம் விளம்பரம் ஓடுகிறது. "நல்லா இருக்கே, வாங்கிப் பார்க்கலாம்" என்கிறார் சித்தி. விளம்பரம் சொல்லியதை அப்படியே ஏற்றுக்கொண்டவர். "வெயிலுக்கு நல்லது, ஆனா சிவப்பாக்கும்னு சொல்றதெல்லாம் சும்மா" என்கிறார் அம்மா. பாதி ஏற்பு, பாதி மறுப்பு. "கறுப்பா இருந்தா என்ன குறைச்சல்?" என்று நீங்கள் சேனலை மாற்றுகிறீர்கள். முழு எதிர்ப்பு. விளம்பரம் ஒன்று, வாசிப்பு மூன்று. ஹால் சொன்ன மூன்று வகையும் இவைதான். 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரை 2020-ல் அந்த நிறுவனம் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றியதற்குப் பின்னால், அந்த மூன்றாவது வகை ஆட்களின் எண்ணிக்கை கூடியதும் ஒரு காரணம்.

இப்போது இதை யூடியூப் தம்ப்நெயிலுக்கும், வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கும், தேர்தல் பிரசார வீடியோவுக்கும் பொருத்திப் பாருங்கள். மூன்று வாரத்தில் இந்தக் கண்ணாடியை மாட்டிவிடுகிறார்கள். இதற்கு அஞ்சு லட்சமா என்று கேட்டால்... பொறுங்கள், வருகிறேன்.

ஏன் லண்டன்?

புத்தகத்தில் உள்ளதைச் சொல்லித்தர லண்டன் தேவையில்லை. ஆனால், அந்த ஊரே ஒரு மீடியா மியூசியம் என்பது உண்மை. நடந்தே பார்க்கலாம்.

ஸ்ட்ராண்ட் என்ற சாலையில் இருந்து தொடங்குவோம். பக்கத்தில் புஷ் ஹவுஸ் என்று ஒரு பிரமாண்டமான கட்டடம். நம் தாத்தா பாட்டிக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். பி.பி.சி உலக சேவை 2012 வரை இயங்கிய இடம் அது. 1941 மே 3-ம் தேதி தொடங்கிய பி.பி.சி-யின் தமிழ் ஒலிபரப்பும், நாம் 'தமிழோசை' என்று அறிந்த அந்தக் குரலும் பல பத்தாண்டுகள் அங்கிருந்துதான் வந்தன. இலங்கையில் போர் நடந்த காலத்தில், ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ராத்திரி நேரத்தில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்த குடும்பங்கள் எத்தனையோ. 2017 ஏப்ரலில் அந்த வானொலி நிகழ்ச்சி நின்றது. பி.பி.சி தமிழ் இப்போது உங்கள் போனில் இருக்கிறது. புஷ் ஹவுஸ்? இன்று அது கிங்ஸ் காலேஜ் லண்டனின் வளாகம். செய்தி வாசித்த கட்டடத்தில் இன்று மாணவர்கள் லெக்சர் கேட்கிறார்கள்.

அங்கிருந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால் ஃப்ளீட் ஸ்ட்ரீட். இங்கிலாந்தின் முதல் தினசரி 1702-ல் இதன் பக்கத்தில்தான் அச்சானது. பிறகு முந்நூறு வருஷம் பிரிட்டிஷ் பத்திரிகை உலகத்துக்கே அந்தத் தெருதான் பெயர். 1986-ல் ரூபர்ட் முர்டாக் தன் பேப்பர்களை இரவோடு இரவாக வாப்பிங் பகுதிக்கு மாற்றினார். புது கம்ப்யூட்டர் தொழில்நுட்பம் வந்தது, ஆயிரக்கணக்கான அச்சுத் தொழிலாளர்களுக்கு வேலை போனது. ஒவ்வொரு பேப்பராகத் தெருவைக் காலி செய்தன. 2005-ல் ராய்ட்டர்ஸும் கிளம்பியது. ஏ.ஐ வந்தால் நம் வேலை என்னவாகும் என்று இன்று புலம்புகிற எல்லா நியூஸ் டெஸ்க்கும் படிக்க வேண்டிய கதை அது.

இன்னொரு இடம், நாட்டிங் ஹில். ஆகஸ்ட் கடைசியில் அங்கே நடக்கும் கார்னிவலை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். இறகு டிரெஸ், ஸ்டீல் டிரம், கூட்டம். அதன் வேர் ஒரு கலவரத்தில் இருக்கிறது. 1958-ல் அந்தப் பகுதியில் கரீபியன் மக்களைக் குறிவைத்து இனவெறித் தாக்குதல்கள் நடந்தன. அதே ஆண்டு அவர்களுக்காக 'வெஸ்ட் இண்டியன் கெஸட்' என்ற பத்திரிகையைத் தொடங்கிய க்ளாடியா ஜோன்ஸ், 1959 ஜனவரியில் செயின்ட் பான்க்ராஸ் டவுன் ஹாலுக்குள் ஒரு கரீபியன் கார்னிவலை நடத்தினார். பி.பி.சி அதை ஒளிபரப்பியது. தெருவில் நடக்கும் விழா 1966 வாக்கில் வந்தது. பத்திரிகை, டி.வி, திருவிழா, இனம், அரசியல் எல்லாம் ஒரே தெருவில். 'மீடியா'வுக்குப் பக்கத்தில் 'கல்ச்சர்' ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் போனால் நம் ஆட்கள். தமிழ் போர்டு போட்ட கடைகள், கோயில்கள். ஐ.பி.சி தமிழ் வானொலி 1997-ல் லண்டனில்தான் தொடங்கியது. ஊரைவிட்டு வந்தவர்கள் தங்களுக்கென்று மீடியா உருவாக்கிக்கொள்வதை 'டயாஸ்போரா மீடியா' என்று தனித் தலைப்பாகவே பாடம் நடத்துகிறார்கள். அந்தத் தலைப்பில் கட்டுரை எழுத வேண்டியிருந்தால், உங்கள் பக்கத்து சீட் அமெரிக்க மாணவரைவிட உங்கள் கையில்தான் மேட்டர் அதிகம்.

சுடச்சுட இருக்கும் பாடம்

இந்த வகுப்புகள் இப்போது முக்கியமாவதற்குக் காரணம், பிரிட்டன் மீடியாவில் கடந்த சில வருஷங்களாக நடப்பவை.

2024 ஜூலை 29. சவுத்போர்ட் என்ற ஊரில், குழந்தைகளின் டான்ஸ் வகுப்பில் நடந்த கத்திக்குத்தில் மூன்று சிறுமிகள் இறந்தார்கள். பிடிபட்டவனுக்கு 17 வயது. சிறார் என்பதால் சட்டப்படி பெயரை உடனே வெளியிட முடியாது. அந்த இடைவெளியில் சோஷியல் மீடியாவில் ஒரு பொய்ப் பெயர் கிளம்பியது. படகில் வந்த அகதி என்றார்கள். உண்மையில் அவன் பிரிட்டனிலேயே, கார்டிஃப் நகரில் பிறந்தவன். ஆனால், மசூதி தாக்கப்பட்டது. பல ஊர்களில் கலவரம். ராதரம் அருகே, அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2023 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ, வேறு எதற்கோ நடந்த சம்பவங்களின் வீடியோக்கள் அவை. தமிழ்நாடு போலீஸ் அவை பொய் என்று அறிவித்தது, வழக்குகள் போட்டது. பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பிவைத்தது. நல்லவேளையாக இங்கே அது பெரிதாக வெடிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வதந்திக்கு ஊரும் இல்லை, மொழியும் இல்லை என்பது புரியும். 'வெளியூர்க்காரன்' மீதான பயம் முன்பே இருந்தால் போதும். ஒரு வீடியோ வந்து தீக்குச்சியைக் கிழித்துவிடும்.

இதைத்தான் ஹாலும் அவரது சகாக்களும் 1978-லேயே புத்தகமாக எழுதினார்கள். எழுபதுகளில் பிரிட்டிஷ் பேப்பர்கள் வழிப்பறிக்கு 'மக்கிங்' என்று அமெரிக்காவில் இருந்து ஒரு லேபிளை இறக்குமதி செய்தன. பழைய குற்றம்தான், ஆனால் புதுப் பெயர் வந்ததும் புதுப் பயம் வந்தது. பழி கறுப்பின இளைஞர்கள் மீது விழுந்தது. ஒரு லேபிள் என்னவெல்லாம் செய்யும் என்பதை ஆராய அவர்களுக்கு ஒரு புத்தகமே தேவைப்பட்டது. 'வடக்கன்' என்ற சொல் நம் மீம் பக்கங்களில் எப்படி உருள்கிறது என்று யோசித்துக்கொண்டே அதைப் படித்தால், கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

அடுத்த கேஸ் பி.பி.சி-யே. 2024 அக்டோபரில், அமெரிக்கத் தேர்தலுக்குச் சற்று முன், 'பனோரமா' நிகழ்ச்சியில் ட்ரம்ப் பற்றி ஒரு டாக்குமென்டரி வந்தது. 2021 ஜனவரி 6 அன்று அவர் பேசிய பேச்சில், ஏறத்தாழ 54 நிமிஷ இடைவெளியில் வந்த இரண்டு பகுதிகளை ஒட்டி, ஒரே மூச்சில் சொன்னது போலக் காட்டிவிட்டார்கள். ஒரு வருஷம் யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2025 நவம்பரில் பி.பி.சி-க்கு உள்ளே எழுதப்பட்ட ஒரு குறிப்பு பத்திரிகைக்குக் கசிந்தது. அவ்வளவுதான். நவம்பர் 9 அன்று தலைமை இயக்குநர் டிம் டேவியும், செய்திப் பிரிவுத் தலைவர் டெபோரா டர்னஸும் ஒரே நாளில் ராஜினாமா. பி.பி.சி மன்னிப்பு கேட்டது, நஷ்டஈடு தர மறுத்தது. டிசம்பரில் ட்ரம்ப் ஃப்ளோரிடாவில் வழக்குப் போட்டார்.

ஒரு 'கட்'. தினமும் கேப்கட்டில் நீங்கள் போடும் அதே கட். ஆனால், மக்களிடம் லைசென்ஸ் கட்டணம் வாங்கி நடக்கும் நிறுவனம் அதைச் செய்யும்போது விலை வேறு. பிரிட்டனில் டி.வி பார்க்கும் வீடு 2025 ஏப்ரல் முதல் வருஷத்துக்கு 174.50 பவுண்டு கட்டியது. பி.பி.சி-யை இயக்கும் ராயல் சார்ட்டர் 2027 இறுதியில் முடிகிறது. அதன்பிறகு அந்தக் காசு வருமா, எப்படி வரும் என்ற விவாதம் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அரசாங்கக் காசில் மீடியா நடந்தால் சுதந்திரம் இருக்குமா, விளம்பரக் காசில் நடந்தால் மட்டும் இருக்குமா? தூர்தர்ஷனையும் நம் நியூஸ் சேனல்களையும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை.

'மிக்கி மவுஸ்' படிப்பா?

"மீடியா ஸ்டடீஸ் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று உங்கள் பெரியப்பா மட்டும் கேட்கவில்லை. பிரிட்டிஷ் அமைச்சர்களே கேட்டார்கள். 2003-ல் உயர்கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் ஹாட்ஜ், தரமில்லாத சில படிப்புகளை 'மிக்கி மவுஸ் கோர்ஸ்' என்றார். அந்தப் பட்டப்பெயர் மீடியா ஸ்டடீஸ் மேல் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. 2023-ல் பிரதமராக இருந்த ரிஷி சுனக், வேலை வாங்கித் தராத படிப்புகளில் மாணவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப்போவதாக அறிவித்தார்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் படிப்பே பிரிட்டன் உலகத்துக்குத் தந்த சரக்கு. 1964-ல் ரிச்சர்ட் ஹோகார்ட் பர்மிங்ஹாம் பல்கலையில் கலாசார ஆய்வுகளுக்கென ஒரு மையம் தொடங்கினார். ஹால் அங்கே சேர்ந்து, பிறகு அதன் தலைவரானார். 1975-ல் இன்றைய வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலை, அப்போதைய பாலிடெக்னிக், மீடியா ஸ்டடீஸுக்குப் பட்டப்படிப்பு தொடங்கியது. உலகமே அந்த மாதிரியைக் காப்பியடித்தது. பர்மிங்ஹாம் பல்கலையோ 2002-ல் அந்தத் துறையையே இழுத்து மூடிவிட்டது. ஒரு கட்டடத்துக்கே ஸ்டூவர்ட் ஹால் பெயரை வைத்திருக்கும் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் காலேஜும் 2024-ல் ஆட்குறைப்பு அறிவித்து, ஆசிரியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

ஜர்னலிசம் டிப்ளமோவோடு டெஸ்க்குக்கு வந்த என் போன்றவர்கள் இதை இரண்டு பக்கமும் பார்க்கிறோம். தியரி தெரிந்தால் மட்டும் வேலை கிடைக்காது. ராத்திரி பத்து மணிக்கு வரும் செய்தியை பத்து நிமிஷத்தில் தப்பில்லாமல் அடிக்கத் தெரிய வேண்டும். ஆனால், 'இந்த வீடியோவைப் போடலாமா, வேண்டாமா?' என்று டெஸ்க்கில் கேள்வி எழும் அந்த நிமிஷத்தில், டைப்பிங் வேகம் கைகொடுக்காது. பொய்த் தகவல் காலத்தில் அந்த நிமிஷம் அடிக்கடி வருகிறது.

சம்மர் ஸ்கூல் யாருக்கு லாபம்?

இப்போது காசு விஷயம். எல்.எஸ்.இ, கிங்ஸ், யு.சி.எல், வெஸ்ட்மின்ஸ்டர் என்று லண்டனின் பல பல்கலைகள் சம்மர் ஸ்கூல் நடத்துகின்றன. ஏன்? அறிவைப் பரப்பும் ஆசை இருக்கலாம். கூடவே ஒரு கணக்கும் இருக்கிறது.

இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரிடம் வாங்கும் வருடக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017-லிருந்து ஏழெட்டு வருஷம் அது 9,250 பவுண்டிலேயே நின்றது. 2025-ல்தான் 9,535 ஆனது. விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போனது. வெளிநாட்டு மாணவருக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. அதனால் பல்கலைகள் வெளிநாட்டு மாணவர்களை நம்பி நிற்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் வகுப்பறையும் ஹாஸ்டலும் காலி. அதை நிரப்ப ஒரு வழி சம்மர் ஸ்கூல். போன வருஷம் வந்தவர் அடுத்த வருஷம் மாஸ்டர்ஸுக்கு வந்தால் டபுள் லாபம். இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால், நீங்கள் அங்கே மாணவர் மட்டுமல்ல, கஸ்டமரும்கூட. கஸ்டமர் மாதிரியே கேள்வி கேளுங்கள்.

உங்கள் பக்கக் கணக்கு இது. கோர்ஸ் ஃபீஸ் மூவாயிரம் பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டு 115 ரூபாய் என்றால், மூன்றரை லட்சம் அங்கேயே காலி. மூன்று வாரம் ஹாஸ்டல் குறைந்தது ஒரு லட்சம். ஃப்ளைட், சாப்பாடு, பஸ், டியூப். 2025 ஏப்ரல் கணக்குப்படி ஆறு மாத விசிட்டர் விசாவுக்கு 127 பவுண்டு. எல்லாம் சேர்ந்தால் அஞ்சு லட்சத்தைத் தாண்டும். பல வீடுகளில் அது தங்கச்சியின் காலேஜ் ஃபீஸ், இல்லையென்றால் அடகில் இருக்கும் நகை.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. சர்ட்டிஃபிகேட்டில் யார் பெயர்? பிரபல பல்கலையின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, தனியார் கம்பெனிகள் நடத்தும் கோர்ஸ்களும் உண்டு. போட்டோவில் பழைய கல் கட்டடம் இருக்கும். சர்ட்டிஃபிகேட்டில் கம்பெனி பெயர் இருக்கும். பல்கலையின் சொந்த வெப்சைட்டில் அந்தக் கோர்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. விசாவுக்கு அந்த நிறுவனம் செல்லுமா? ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வரை படிக்கலாம். ஆனால், படிக்கும் இடம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அதை அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்.

3. 'இன்டர்ன்ஷிப்பும் உண்டு' என்கிறாரா ஏஜென்ட்? உஷார். விசிட்டர் விசாவில் வேலை செய்யக் கூடாது. சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்பும் இதில் அடக்கம். 'அங்கே போய் ஸ்டூடன்ட் விசாவாக மாத்திக்கலாம்' என்றாலும் நம்பாதீர்கள். விசிட்டராகப் போனவர் அங்கிருந்தபடியே விசாவை மாற்ற முடியாது. திரும்பி வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

4. கிரெடிட் இங்கே எண்ணப்படுமா? இந்த கோர்ஸ்களின் கிரெடிட் முறை, சம்மரில் ஒரு பேப்பரை முடித்துவிட நினைக்கும் அமெரிக்க, ஐரோப்பிய மாணவர்களுக்கு வசதியானது. உங்கள் காலேஜ் அதை ஏற்குமா என்று கன்ட்ரோலர் ஆஃபீஸில் முன்கூட்டியே கேளுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால், 'ஏற்காது' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. விசா மறுக்கப்பட்டால் ஃபீஸ் திரும்ப வருமா? ரீஃபண்ட் விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள். முன்பணம் மட்டும் போகுமா, முழுசாகப் போகுமா என்பது அதில்தான் இருக்கும்.

ஆறாவதாக ஒன்றையும் மனதில் வையுங்கள். 'அங்கே ஒருமுறை போய்விட்டால் செட்டில் ஆகிடலாம்' என்ற நினைப்பு. பிரிட்டன் கதவு குறுகிக்கொண்டே வருகிறது. 2024 ஜனவரி முதல் பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. மாஸ்டர்ஸ் முடித்தவர் வேலை தேடித் தங்கும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருஷத்தில் இருந்து 18 மாதமாகக் குறைகிறது.

போக முடியலைன்னா?

மூன்று வார சம்மர் ஸ்கூல் தரும் பாடத்தில் பெரும்பகுதியை, சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்தே பெறலாம். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் ஒவ்வொரு ஜூன் மாதமும் 'டிஜிட்டல் நியூஸ் ரிப்போர்ட்' வெளியிடுகிறது. பல நாட்டு மக்கள் செய்தியை எங்கே, எப்படிப் பார்க்கிறார்கள் என்ற ஆய்வு. இலவசம். படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தியா பற்றிய பக்கம் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்த, ஆன்லைனில் இருக்கும் ஆட்களிடம் எடுத்த சர்வே. அதை அவர்களே சொல்லியும் விடுகிறார்கள். அப்படியென்றால் டீக்கடையில் பேப்பர் படிக்கும் அண்ணனும், யூடியூபில் மட்டும் நியூஸ் கேட்கும் உங்கள் அத்தையும் அந்தக் கணக்கில் எங்கே? இந்தக் கேள்வி மனதில் எழுந்துவிட்டாலே பாதி பாடம் முடிந்தது.

வீட்டிலேயே ஒரு அசைன்மென்ட் செய்து பாருங்கள். ஒரு வாரத்துக்கு, ஏதாவது ஒரு செய்தியை மூன்று தமிழ் சேனல், இரண்டு பேப்பர், ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் பின்தொடருங்கள். தலைப்பு எப்படி மாறுகிறது? யாரிடம் மைக் நீட்டப்பட்டது? யாரிடம் நீட்டப்படவே இல்லை? அந்த சேனலின் முதலாளி யார்? நோட்டில் எழுதிவையுங்கள். லண்டன் வகுப்பறையில் ஒரு வாரம் கழித்து எழுதச் சொல்லும் கட்டுரையும் ஏறக்குறைய இதுதான். வேலைக்கான பயிற்சிதான் வேண்டும் என்றால், தரமணியில் இருக்கும் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் தொடங்கி, பல்கலைக்கழக இதழியல் துறைகள் வரை இங்கேயே வழி இருக்கிறது.

அப்படியானால் யார் போகலாம்? வெளிநாட்டில் மீடியா மாஸ்டர்ஸ் படிப்பதென்று ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டவர்கள் போகலாம். இருபது, முப்பது லட்சம் கடன் வாங்கும் முன், அந்தப் படிப்பும் அந்த ஊரும் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க மூன்று வாரம் ஒரு டிரையல். ஸ்காலர்ஷிப்போ, காலேஜ் எக்ஸ்சேஞ்ச் ஏற்பாடோ கிடைத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஏற்கெனவே மீடியாவில் வேலை பார்த்துக்கொண்டு, சொந்தக் காசில், ஒரு குறிப்பிட்ட தலைப்பைத் தேடிப் போகிறவர்களும் போகலாம். போனால் வகுப்பறையிலேயே கிடக்காதீர்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் செய்தித்தாள் பிரிவு, ஸ்ட்ராண்டில் இருக்கும் நீதிமன்றத்தின் பார்வையாளர் இருக்கை, நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடம், பெரிய மியூசியங்கள்... இவற்றுக்குப் பெரும்பாலும் டிக்கெட் காசு கிடையாது.

பயோவில் 'லண்டன்' என்று போட்டுக்கொள்ள மட்டும்தான் ஆசை என்றால், அந்த அஞ்சு லட்சத்தைத் தொடாதீர்கள். ஹெச்.ஆரிடம் மூன்று வார சர்ட்டிஃபிகேட்டைவிட, நீங்கள் எழுதிய பத்து நல்ல கட்டுரைகளோ, எடுத்த நாலு நல்ல வீடியோக்களோ அதிகம் பேசும்.

அப்பா மறுபடியும் "மூணு வாரத்துல என்னத்த கத்துக்கப் போற?" என்று கேட்டால், இந்த முறை வெப்சைட் போட்டோவைக் காட்டாதீர்கள். சிலபஸைக் காட்டுங்கள். எந்தப் பேப்பர், எதற்காக, வந்த பிறகு என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பதில் உங்களிடம் தயாராக இருந்தால் ஃபார்மை நிரப்புங்கள். இல்லையென்றால் அடுத்த ஜூன் வரை டைம் இருக்கிறது, அதற்குள் அந்த ஒரு வார அசைன்மென்ட்டை முடித்துவிடுங்கள்.